செல்போனோடு வளர்ந்தவர்கள் வேறு மாதிரி படிக்கிறார்களா?

கல்லூரி ஸ்டாஃப் ரூமிலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, ஒரே பேச்சு இரண்டு விதமாகக் காதில் விழுகிறது. பெருமைப்படுகிறவர்கள், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாம ஒண்ணும் சொல்லித்தர வேண்டாம் சார், எல்லாம் அவங்களே கத்துக்குவாங்க" என்பார்கள். அலுத்துக்கொள்கிறவர்கள், "பத்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்க முடியாது, மூளையே மாறிப்போச்சு" என்பார்கள். ஒன்று பாராட்டு, மற்றது புகார். அடியில் இருக்கும் நம்பிக்கை என்னவோ ஒன்றுதான்: கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் போனும் சூழ வளர்ந்ததால், இன்றைய மாணவர்கள் கற்கும் விதமே அடியோடு வேறாகிவிட்டது.

இதை நம்பித்தான் பல இடங்களில் பாடத்திட்டத்தை மாற்றுகிறார்கள், ஸ்மார்ட் போர்டு வாங்குகிறார்கள், "பசங்களுக்கு வீடியோதான் பிடிக்கும்" என்று வாசிப்பைக் குறைக்கிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை என்று உலகின் பல மூலைகளில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் இந்தப் பேச்சு பரவிய வேகத்தில் பரவவில்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

2001இல் மார்க் ப்ரென்ஸ்கி என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். கல்விக்கான வீடியோ கேம்கள் உருவாக்குவது அவர் தொழில். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அப்போது பள்ளி கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்தவர்களை அவர் 'டிஜிட்டல் நேட்டிவ்' என்றார். அதாவது, டிஜிட்டல் உலகிலேயே பிறந்து, அதைத் தாய்மொழி போலப் பேசுகிறவர்கள். அவர்களின் ஆசிரியர்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். குடியேறியவர் புது மொழியை எவ்வளவு நன்றாகக் கற்றாலும் பேச்சில் பழைய ஊர் வாடை கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும் அல்லவா? அதற்கு ப்ரென்ஸ்கி தந்த உதாரணங்கள் வேடிக்கையானவை. வந்த ஈமெயிலைப் பிரின்ட் எடுத்துப் படிப்பது ஒன்று. ஈமெயில் அனுப்பிவிட்டு, "கிடைச்சுதா?" என்று போன் போட்டுக் கேட்பது இன்னொன்று. (இரண்டாவதை நான் இன்றைக்கும் செய்கிறேன்.)

கட்டுரை அதோடு நிற்கவில்லை. கல்லூரியை முடிக்கும் சராசரி அமெரிக்க மாணவர் அதுவரை 5,000 மணி நேரத்துக்கும் குறைவாகவே படித்திருப்பார், 10,000 மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடியிருப்பார் என்று ஒரு கணக்குப் போட்டார். ஆகவே இவர்கள் சிந்திக்கும் விதமே வேறு, மூளையே மாறியிருக்கக்கூடும் என்று அடுத்த படிக்குத் தாவினார். மாணவர்களை வைத்துச் சோதித்து எட்டிய முடிவல்ல இது, ஓர் ஊகம். கேட்பதற்குச் சுகமான ஊகம் என்பதால் மாநாடுகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் நிரூபிக்கப்பட்ட உண்மை போலவே சுற்றி வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2001இல் கல்லூரியில் இருந்த அந்த 'நேட்டிவ்'களுக்கு இன்று நாற்பது தாண்டிவிட்டது. தன் பிள்ளையைப் பார்த்து "இதுங்க மூளையே வேற" என்று இப்போது சொல்லிக்கொண்டிருப்பதும் அவர்கள்தான்.

தாய்மொழி என்றால் எழுதவும் வருமா?

ப்ரென்ஸ்கியின் தாய்மொழி உவமையை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். தமிழ் பேசும் வீட்டில் வளரும் பிள்ளை நாலு வயதில் தமிழில் பொரிந்து தள்ளும். அடம் பிடிக்கும், பொய் சொல்லும், பாட்டியைக் கிண்டல் செய்யும். யாரும் பாடம் நடத்தவில்லை. அதே பிள்ளைக்கு ல, ள, ழ வேறுபாடு தானாக எழுத்தில் வந்துவிடுகிறதா? பத்தாம் வகுப்பில்கூடச் சிவப்பு மையில் திருத்த வேண்டியிருக்கிறது. ஒரு கட்டுரையைப் பத்தி பிரித்து எழுதவும், தாசில்தாருக்கு ஒரு மனு எழுதவும் யாராவது உட்கார்ந்து சொல்லித்தந்தால்தான் உண்டு. புழங்கினால் வருவது ஒன்று, பயின்றால் வருவது வேறொன்று.

டிஜிட்டல் கருவிகளிலும் நிலைமை இதேதான். முதலாமாண்டு மாணவர்களோடு கம்ப்யூட்டர் லேபில் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பையன் பிராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்து முடித்தான். பென்டிரைவில் போட வேண்டும்.

"எங்கப்பா சேவ் பண்ணினே?"

"சேவ் பண்ணிட்டேன் சார்."

"சரி, எங்கே?"

"வேர்டுல சார்."

போல்டருக்குள் போல்டர் இருக்கும், அதற்குள் ஃபைல் இருக்கும் என்ற படமே அவன் மனதில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் அதுவரை வந்ததில்லை. போனில் போட்டோ கேலரியில் இருக்கும், பாட்டு பாட்டு ஆப்பில் இருக்கும், வேறு எது வேண்டுமானாலும் தேடினால் வந்து நிற்கும். அன்று மாலையே அந்தப் பையன் போனில் மூன்று வீடியோத் துண்டுகளை வெட்டி ஒட்டி, பாட்டுத் தாளத்துக்குச் சரியாக மாறும்படி ரீல் செய்து காட்டினான். எனக்கு அது ஒரு வாரம் ஆகும். அவனை 'டெக்னாலஜி தெரிந்தவன்' என்பதா, 'தெரியாதவன்' என்பதா? கேள்வியே சரியில்லை. எதைச் செய்து பழகினானோ அது அவனுக்குத் தெரியும்.

எண்ணிப் பார்த்தபோது

ப்ரென்ஸ்கி சொன்னது சரி என்றால் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட வேண்டும். ஒன்று, ஒரே தலைமுறைக்குள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு, இளையவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் நடுவே கோடு கிழித்தது போல ஒரு வெட்டு தெரிய வேண்டும்.

முதல் விஷயத்தை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். 2006இல் முதலாமாண்டு மாணவர்கள் சுமார் 2,000 பேரிடம் எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். செல்போன், ஈமெயில், தேடல் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது. வலைப்பதிவு, விக்கி போன்று தானே உருவாக்கிப் பகிரும் விஷயங்களுக்கு வந்ததும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். பலர் அந்தப் பக்கமே போனதில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகச் சிகாகோ வளாகத்தில் 1,060 முதலாமாண்டு மாணவர்களை எஸ்டர் ஹார்கிட்டாய் ஆராய்ந்தார். எல்லோரும் ஒரே வயது, ஒரே கல்லூரி. ஆனால் இணையத் திறன் சமமாக இல்லை. பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள் என்பது பிள்ளைகளின் திறனில் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது விஷயத்துக்குப் பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டியைவிட நல்ல இடம் கிடைக்காது. தொலைதூரக் கல்வி என்பதால் அங்கே எல்லா வயதிலும் மாணவர்கள் உண்டு. 2013இல் வெளிவந்த ஆய்வில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். இளையவருக்கு 21 வயது, மூத்தவருக்கு 100. வயது ஏற ஏறக் கருவிகளின் பயன்பாடு குறைந்தது உண்மைதான். ஆனால் அது சரிவுப்பாதை போல மெல்லக் குறைந்தது. முப்பது வயதுக்கு அருகே, அதாவது 'நேட்டிவ்' தலைமுறை தொடங்குவதாகச் சொல்லப்பட்ட இடத்தில், இருக்க வேண்டிய அந்த வெட்டைக் காணோம். சுவாரசியமான விஷயம் வேறொன்று: டெக்னாலஜியை விரும்பி ஏற்றவர்கள், எந்த வயதானாலும், பாடத்தைப் புரிந்து ஆழமாகப் படிக்கும் பழக்கம் கூடுதலாக உள்ளவர்களாக இருந்தார்கள். எழுபது வயது ஆர்வக்காரருக்கும் இது பொருந்தியது.

நம் பக்கம் வருவோம். 2023இல், பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் அசர் (ASER) அமைப்பு இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பார்த்தது. கல்லூரி வாசலில் நிற்கும் வயது. ஏறக்குறைய பத்தில் ஒன்பது வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு அதைப் பயன்படுத்தவும் தெரிந்தது. இத்தோடு நிறுத்திக்கொண்டால் 'டிஜிட்டல் தலைமுறை' என்று தலைப்புப் போடலாம். அடுத்த கேள்வி, போன் யாருடையது? பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேருக்குச் சொந்தப் போன் இருந்தது. பெண்களில் 19.8 சதவீதம். அதே ஆய்வில், இந்த வயதினரில் நால்வரில் ஒருவரால் தன் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் கதை தனி. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் கிராமங்களில் 4.4 சதவீதம், நகரங்களில் 23.4 சதவீதம். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அதுவும் பிள்ளை பிளஸ் டூவுக்கு வந்த பிறகு. பதினேழு வயதில் கைக்கு வந்த ஒன்றை 'பிறவியிலேயே' என்று சொல்ல முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒரே வயதுக்காரர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் பெரியது, வயதுகளுக்கு நடுவே கூர்மையான கோடு இல்லை. பிறந்த வருஷத்தைவிட வீடு, வசதி, ஆணா பெண்ணா, கருவியை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பவையே அதிகம் சொல்கின்றன.

சரி, மூளை மாறாதா?

மாறும். இதில் சந்தேகம் வேண்டாம். அனுபவத்துக்கு ஏற்ப மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் இயல்புக்கு மூளை நெகிழ்வு என்று பெயர். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 'ஸ்க்ரீன் தலைமுறையின் மூளை வேறு' என்கிறார்கள். மூளை நெகிழ்வு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு லண்டன் டாக்சி டிரைவர்கள் நல்ல சாட்சி.

லண்டனின் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டும் என்றால், நகரத்தின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். எலனோர் மகுவையரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தப் பயிற்சியில் சேர்ந்த 79 பேரின் மூளையைத் தொடக்கத்திலும், அவர்களில் திரும்பி வந்தவர்களின் மூளையைக் கடைசியிலும் ஸ்கேன் செய்தார்கள். முடிவு 2011இல் வந்தது. தேர்வில் தேறிய 39 பேருக்கு, இட நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை.

இதில் மூன்று விஷயங்கள் நம் கேள்விக்குத் தேவை. மாறியது வளர்ந்த ஆட்களின் மூளை, குழந்தைகளுடையது அல்ல. ஆகவே 'சின்ன வயசுல பழகினாத்தான்' என்ற வாதம் இங்கே நிற்காது. லண்டனில் வாழ்ந்ததாலோ காரில் சுற்றியதாலோ மாறவில்லை. வருஷக்கணக்கில் வழிகளைப் படித்து, மறந்து, திரும்பப் படித்ததால் மாறியது. அப்புறம், இட நினைவில் தேறியவர்கள் மற்ற எல்லா நினைவிலும் கெட்டிக்காரர்களாகிவிடவில்லை. சில காட்சி நினைவுச் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். எந்த வேலையைப் பயின்றோமோ அந்த வேலைக்குத்தான் மாற்றம். பத்து வருஷம் ரீல் தள்ளினால் ரீல் தள்ளுவதில் கை தேறும். தெர்மோடைனமிக்ஸில் தேறாது.

கற்கும்போது உள்ளே நடப்பது

கற்றல் நடக்கும் இடம் மாறிவிட்டதா என்று கேட்க வேண்டுமானால், அந்த இடம் எப்படி இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். இதற்கு இரண்டு சொற்கள் போதும்.

இந்த நொடியில் மனதில் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் சிறிய இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். ஓடிபி எண்ணை மெசேஜில் பார்த்து, அடுத்த திரையில் தட்டும் வரை முணுமுணுத்துக்கொண்டே போகிறோமே, அதுதான். இது மிகச் சிறியது. புதிய விஷயங்களாக இருந்தால் ஒரே நேரத்தில் நான்கு அளவுக்குத்தான் பிடித்து வைக்க முடியும். இன்னொன்று நீண்டகால நினைவு. இதற்கு நடைமுறையில் எல்லை தெரியவில்லை. புதிய விஷயம் செயல்நினைவு வழியாக வந்து, நீண்டகால நினைவில் ஏற்கெனவே இருப்பதோடு பிணைந்து தங்குவதைத்தான் கற்றல் என்கிறோம்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பிணைப்பு உள்ளே போடுவதால் மட்டும் இறுகாது, வெளியே எடுப்பதால்தான் இறுகும். படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுக்கப் பார்ப்பதை மீட்டல் பயிற்சி என்பார்கள். 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ரோடிகரும் கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியைப் படிப்பதற்கு நான்கு அமர்வுகள் எடுத்துக்கொண்டது. இன்னொரு குழு ஓர் அமர்வில் படித்துவிட்டு, அடுத்த மூன்றில் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னணி: 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேதனை என்னவென்றால், "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுதான்.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி யூடியூபில் ஒரு யூனிட் முழுவதையும் இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்து முடித்துவிட்டு, "புரிஞ்சிடுச்சு" என்று படுக்கப்போகும் மாணவரின் நிலை இதுதான். சொல்பவர் தெளிவாகச் சொல்கிறார், கேட்பவருக்கு எங்கும் இடறவில்லை. இடறாமல் கேட்டதைத் தெரிந்துகொண்டதாக மனம் கணக்கில் ஏற்றிவிடுகிறது. இது யூடியூபின் குற்றமும் அல்ல, இந்தத் தலைமுறையின் குற்றமும் அல்ல. நம் காலத்தில் கோனார் நோட்ஸை மஞ்சள் ஸ்கெட்ச்சால் பக்கம் பக்கமாகக் கோடிட்டுவிட்டுத் தூங்கப்போனோமே, அதுவும் இதே ஏமாற்றுதான். ஹார்வர்டில் 2019இல் வெளியான இயற்பியல் வகுப்பு ஆய்விலும் இதே தோற்றம்: சரளமான சொற்பொழிவு கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள், தாங்களே கணக்கைப் போட்டுத் திணறியவர்கள் சோதனையில் அதிகம் வாங்கினார்கள்.

சுருக்கமாக: செயல்நினைவு சின்னது, பழையதோடு சேர்ந்தால்தான் புதியது தங்கும், எடுத்துப் பார்த்தால்தான் இறுகும். இந்த மூன்றும் 1980இல் பிறந்தவருக்கும் 2006இல் பிறந்தவருக்கும் ஒன்றே.

பாட்டு, சாட், பாடம்: எல்லாம் ஒரே நேரத்தில்

இளையவர்கள் ஒரே நேரத்தில் பல வேலை செய்யப் பழகியவர்கள் என்பதும் அடிக்கடி கேட்கும் வசனம். மூளை அப்படிச் செய்வதில்லை. கவனம் தேவைப்படும் இரண்டு வேலைகளுக்கு நடுவே அது தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு தாவலிலும், விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் போகிறது, செயல்நினைவில் இருந்ததும் கொஞ்சம் சிந்துகிறது. பழகப் பழக இந்தச் செலவு தெரியாமல் போகலாம், இல்லாமல் போவதில்லை.

கனடாவில் 2013இல் வெளிவந்த ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது. வகுப்பில் மடிக்கணினியில் குறிப்பெடுத்தபடியே சில சில்லறை வேலைகளையும் செய்தவர்கள், பிறகு வைத்த தேர்வில் மற்றவர்களைவிட 11 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். இது எதிர்பார்த்ததுதான். அடுத்த சோதனையில், காகிதத்தில் ஒழுங்காகக் குறிப்பெடுத்த சிலரை, இப்படி வேலை பார்க்கும் திரைகள் கண்ணில் படும் இடத்தில் உட்காரவைத்தார்கள். பாவம், அவர்களுக்கு 17 சதவீதம் குறைந்தது. கடைசி பெஞ்சில் போன் பார்க்கிறவன் தன்னை மட்டும் கெடுத்துக்கொள்கிறான் என்று விட்டுவிட முடியாது.

இதற்காகத் திரை என்றாலே கெடுதல் என்று போவதும் தவறு. மடிக்கணினியில் தட்டுவதைவிடக் கையால் எழுதினால் நன்றாக மனதில் பதியும் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வைப் பலரும் பகிர்ந்தார்கள். பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. பேனாவுக்குப் புனிதம் எதுவும் இல்லை.

தேடத் தெரிந்தால் போதாதா?

"எதுக்கு மனப்பாடம்? தேடினா வந்துடும்" என்பது நியாயமான கேள்வி போலத் தோன்றும். வந்து விழுவதில் எது தேறும், எது தேறாது என்று பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் சிக்கல்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரைத் திரை முன் உட்காரவைத்தார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், பத்திரிகை உலகின் தகவல் சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் இளநிலை மாணவர்கள் 25 பேர். இரண்டு அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்புகளின் தளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, 60,000க்கும் மேல் உறுப்பினர்கள் உள்ள தாய் அமைப்பு. மற்றது ஓரினச்சேர்க்கையாளர்கள் குழந்தை தத்தெடுப்பதை எதிர்த்து 2002இல் பிரிந்துபோன சிறிய குழு. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

மாணவர்கள் என்ன செய்தார்கள்? தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் போனார்கள். லோகோவைப் பார்த்தார்கள், அடிக்குறிப்புகள் உண்டா என்று பார்த்தார்கள், விளம்பரம் இல்லாததைக் கவனித்தார்கள். பெரும்பான்மையோர் அந்தச் சிறிய குழுவின் தளத்தையே நம்பகமானது என்றார்கள். சரிபார்ப்பவர்களோ தளத்தில் அதிக நேரம் தங்கவில்லை. பக்கத்தில் புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு தளத்தை அதன் வாயாலேயே அளக்காமல் வெளியே போய் விசாரிக்கும் இந்த முறைக்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர். பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள்.

வரலாற்று அறிஞர்கள்? அவர்களிலும் பலர் தடுமாறினார்கள். இரண்டும் நம்பத்தக்கவைதான் என்று சொன்னவர்களும் உண்டு. 'நேட்டிவ்' மாணவரும் 'குடியேறிய' அறிஞரும் ஒரே இடத்தில் இடறினார்கள். தேறியவர்களை வேறாக்கியது வயது அல்ல, அன்றாடம் அந்தத் தொழிலில் செய்து பழகியது. இன்னொரு விஷயம்: வெளியே போய் விசாரித்தாலும், வரும் பதிலை எடைபோட ஏற்கெனவே மனதில் கொஞ்சம் சரக்கு இருக்க வேண்டும். ஒன்றும் தெரியாத விஷயத்தில் எதைத் தேட வேண்டும் என்பதே தெரியாது.

அப்படியானால் எதுவும் மாறவில்லையா?

பழக்கங்கள் மாறியிருக்கின்றன, எதிர்பார்ப்புகளும்தான். புரியாத ஒன்றுக்கு முதலில் கை போவது நூலகத்துக்கு இல்லை, வீடியோவுக்கு. ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நின்ற தமிழ் வழி மாணவருக்கு, அதே பாடத்தைத் தமிழில் விளக்கும் ஒருவர் ராத்திரி பதினொன்றுக்கும் கிடைக்கிறார். புரியாவிட்டால் பத்து நொடி பின்னால் தள்ளிக் கேட்கலாம். வகுப்பில் கை தூக்கி "திரும்பச் சொல்லுங்க சார்" என்று கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கு இது பெரிய கொடை. இதையெல்லாம் ஒன்றுமில்லை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கருவி மாணவனை என்ன செய்ய வைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற உரையாடல் கருவிகள் வந்த பிறகு இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்கு வகுப்பில் இந்தக் கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண வடிவம் கிடைத்தவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் அதிகம் வாங்கினார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அது கிடைக்காமலேயே படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைந்துபோனார்கள். விடையை வாங்கி எழுதியிருக்கிறார்கள். நினைவிலிருந்து எடுக்கும் வேலை நடக்கவே இல்லை. இன்னொரு பிரிவுக்குக் கொடுத்த வடிவம் விடையைச் சொல்லாது, ஆசிரியர்கள் வகுத்தபடி குறிப்பு மட்டும் தரும். அந்தப் பிரிவில் தேர்வு மதிப்பெண்ணில் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. பிள்ளைகள் ஒரே வயது, ஒரே பாடம்.

வகுப்பறைக்கு இதனால் என்ன?

'இவர்களுக்கு எல்லாம் தெரியும்' என்ற நம்பிக்கையால் நஷ்டப்படுவது தெரியாத மாணவர்தான். பேராசிரியர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிடிஎஃப் போட்டுவிட்டு, "மீதி கூகுள்ல பார்த்துக்கங்க" என்கிறார். வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டரும் படித்த அண்ணனும் இருப்பவன் பார்த்துக்கொள்கிறான். மற்றவன், எல்லோருக்கும் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டு, முதல் லிங்க்கில் இருப்பதை அப்படியே ஒட்டுகிறான். பிறகு "காப்பி அடிக்கிறாங்க" என்று திட்டு வாங்குவதும் அவனே.

முதல் வாரத்திலேயே சில விஷயங்களைக் கேட்டுவிடலாம். ஃபைலை எங்கே வைக்கிறாய், காட்டு. இந்தத் தளத்தை நம்புவாயா, ஏன்? போன வகுப்பில் நடந்ததை நோட்டைப் பார்க்காமல் அரைப் பக்கம் எழுது. இவற்றுக்கு ஒரு வகுப்பு நேரம்கூட ஆகாது. யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது கையோடு தெரிந்துவிடும். இன்னொன்றைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது நல்லது: வீட்டில் போன் எப்போது உன் கைக்கு வரும்? அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் என்று ஒரு மாணவி சொன்னால், ஆன்லைன் க்விஸ்ஸை மாலை ஆறு மணிக்கு மூடாமல் மறுநாள் காலை வரை திறந்து வையுங்கள்.